பதினைந்தாம் குழியில் பிடுங்கிய கோரை

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு நான் கோல்ஃப் ஆடிப் பிழைத்தவன் என்று சொன்னால், இன்றைக்கும் ஏற இறங்கப் பார்ப்பார்கள். மட்டைப் பையை மடியில் சாய்த்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்தால் போதும், "இன்னாண்ணா, நாதஸ்வரமா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். ஒருமுறை ஒருவர், தை மாசம் தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வர முடியுமா என்றே விசாரித்துவிட்டார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். சுருக்கென்று ஏதோ சொல்லப் போனேன். பக்கத்திலிருந்த என் மனைவி முந்திக்கொண்டு, "தை மாசத்துல எந்தத் தேதிங்க?" என்று அவரிடம் கேட்டாள். ஆட்டோ முழுக்கச் சிரித்தது. நான் சங்கராபுரம் போய்ச் சேரும்வரை அவளிடம் பேசவில்லை.

என் ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் இவளை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. விட்டுவிட்டுச் சொல்ல ஆசைதான். நான் தனியாகவே எல்லாவற்றையும் சாதித்தேன் என்று எழுதினால் எவ்வளவு கம்பீரமாக இருக்கும்! ஆனால் எழுதியதை அவள் படிக்கச் சொல்லிக் கேட்பாள்.

எனக்குச் சொந்த ஊர் சங்கராபுரம் பக்கம். நிலம் கிடையாது. பதினாறு வயதிலிருந்து கரும்பு வெட்டினேன். கரும்பு வெட்டுவதில் ஒரு கண்டிப்பு உண்டு. அடிக்கரும்பில்தான் இனிப்பு, அதனால் மண்ணோடு ஒட்ட வெட்ட வேண்டும். ஒரு விரல் உயரம் கட்டை நின்றுவிட்டால் மேஸ்திரி வாய்க்கு வந்தபடி பேசுவார். கத்தி மண்ணை உரச வேண்டும், மண்ணில் புதையக் கூடாது. ஆறு வருஷம் இதையே செய்து என் மணிக்கட்டு அதற்கென்றே ஆகிவிட்டது.

அப்போது பெங்களூர் பக்கத்திலிருந்து ஒரு காண்ட்ராக்டர் வந்தார். புல் பதிக்கிற வேலை, இரண்டு லாரி ஆள் வேண்டும் என்றார். புல்லை யாராவது வேலை மெனக்கெட்டுப் பதிப்பார்களா, ஏதோ பெரிய மாட்டுப் பண்ணையாக இருக்கும் என்று பேசிக்கொண்டே லாரி ஏறினோம். போய்ப் பார்த்தால் மாடும் இல்லை, கன்றும் இல்லை. ஏரியளவு இடத்தில் துண்டு துண்டாகப் புல்லைப் பதித்துத் தண்ணீர் விட்டோம். வேலை முடிந்து எல்லோரும் பொங்கலுக்கு ஊர் திரும்பினார்கள். என்னை மட்டும் புல் வெட்டும் வண்டி ஓட்ட அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள். அங்கே வரும் பெரிய மனிதர்கள் ஒரு சின்ன வெள்ளைப் பந்தை மட்டையால் அடித்து, எங்கோ கண்ணுக்கெட்டாத இடத்தில் இருக்கும் குழியில் போடுவார்கள். பதினெட்டுக் குழி. யார் குறைந்த அடியில் முடிக்கிறாரோ அவர் ஜெயித்தவர். இதற்காகவா ஏரியளவு இடத்தை அடைத்துப் புல் நட்டோம் என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

திங்கட்கிழமை கிளப்புக்கு விடுமுறை. அன்றைக்கு வேலைக்காரர்கள் ஆடிக்கொள்ளலாம். ஒரு திங்கட்கிழமை, பழைய இரும்பு மட்டை ஒன்றை என் கையில் கொடுத்து அடிக்கச் சொன்னார்கள். கரும்பின் அடியைப் பார்ப்பதுபோல் பந்தின் அடியைப் பார்த்தேன். வீசினேன். புல்லை உரசிக்கொண்டு கிளம்பிய பந்து போன தூரத்தைப் பார்த்து, கூட நின்றவர்கள் மட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். நான் மட்டும், "அவ்ளோதானா?" என்றேன். சத்தியமாக ஆணவத்தில் கேட்கவில்லை. கரும்பைவிட இது லேசாக இருந்தது.

இரண்டே வருஷத்தில் திங்கட்கிழமைகளில் என்னை ஜெயிக்க ஆளில்லை. இன்னும் மூன்று வருஷத்தில், புல் வண்டியிலிருந்து இறக்கி, புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆட்டக்காரனாக வைத்துக்கொண்டார்கள். இதற்கு நடுவில்தான் எனக்குக் கல்யாணம் ஆனது. பெண் கச்சிராயபாளையத்துக்கு அந்தப் பக்கம், கல்வராயன் மலை அடிவாரத்து ஊர். பெண் பார்க்கப் போனபோது என் வேலை என்ன என்று அவளே கேட்டாள். புல் வெட்டுகிறேன் என்றேன். எத்தனை மாடு என்றாள். மாடு இல்லை என்றேன். அப்புறம் வெட்டின புல்லை என்ன செய்வீர்கள் என்றாள். கீழே கொட்டிவிடுவோம் என்றேன். அவள் உள்ளே போய், மாப்பிள்ளைக்குப் புத்தி கொஞ்சம் கம்மி, ஆனால் மூஞ்சி நல்லா இருக்குது என்று அவள் அம்மாவிடம் சொன்னது வெளியே எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

சொல்லிக்கொடுப்பதற்கும் போட்டியில் ஆடுவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். நாடு முழுக்க நடக்கிற போட்டிகளில் ஆட ஒரு அனுமதி அட்டை வேண்டும். அதற்கு வருஷத்துக்கு ஒருமுறை தேர்வு நடக்கும். நான்கு நாள் ஆட்டம். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வருவார்கள், கடைசியில் மேலே நிற்கும் சிலருக்கு மட்டும் அட்டை. நான் நான்கு வருஷம் போனேன், நான்கு வருஷமும் வெறுங்கையோடு திரும்பினேன்.

கையில் குறை இல்லை. என் கோபம்தான் என் எதிரி. பந்து ஓரடி தள்ளி விழுந்தால் மட்டையைத் தரையில் ஓங்கி அடிப்பேன். ஒருமுறை குட்டைக்குள் வீசிவிட்டேன். வீசிய பிறகுதான் அது இரவல் மட்டை என்பது நினைவுக்கு வந்தது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் காலால் துழாவி எடுத்தேன். என் பையைத் தூக்கி வருகிறவர்கள் என்னிடம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. நாலாவது தேர்வில், பதினோராம் குழியில், பை தூக்கி வந்த வயதான மனிதர் ஒருவர் அதைப் பூப்போல இறக்கிவைத்தார். "மூட்டைய தூக்கலாம் தம்பி. உன் கோவத்தயும் சேத்து என்னால தூக்க முடியாது" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். மிச்சத்துக்கு நானே பையைச் சுமந்து ஆடினேன். ஒரே ஒரு அடி கூடிப்போனதில் அட்டை போயிற்று.

அந்தக் கோடையில் ஊருக்கு வந்து, இனி ஒரே ஒரு முறை போகிறேன், அதிலும் கிடைக்காவிட்டால் மட்டைகளைக் கொடுத்துவிட்டு ஊரோடு வந்துவிடுகிறேன் என்று அவளிடம் சத்தியம் செய்தேன். எனக்கு அப்போது முப்பத்தேழு வயது. அவள் மரவள்ளிக் கிழங்கை உரித்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"மூட்டைய நான் தூக்கறேன். என்னை எங்க வுட்டுட்டு ஓடப் போறே? நானும் உன்னை வுட்டுட்டு ஓட மாட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். மலையிலிருந்து விறகுக் கட்டு சுமந்து இறங்கியவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

சித்திரையில் எங்கள் ஏரி காய்ந்து கிடக்கும். அதுதான் எங்கள் மைதானம். ஆடு மேய்க்கிறவர்கள் எங்களுக்கு வழிவிட்டு ஆடுகளை ஓட்டிப் போவார்கள். ஒற்றைப் பனை வரைக்கும் அடித்தால் எந்த மட்டை, ஏரித் தண்ணீர் வழிந்தோடும் கலிங்கு வரைக்கும் அடித்தால் எந்த மட்டை என்று பத்தே நாளில் அவளுக்கு மனப்பாடம். மலைமேல் மேகம் குந்தியிருந்தால் காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்பது அவளுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். ஏரிக்கு நடுவே களம் மாதிரி கொஞ்ச இடத்தைச் சாணம் போட்டு மெழுகி, குழி தோண்டி, பந்தை உருட்டிப் பழகினேன். பந்து எந்தப் பக்கம் வளையும் என்று என்னால் சரியாகக் கணிக்க முடியாது. அவள் சொல்லிவிடுவாள். வயலுக்குத் தண்ணீர் கட்டிப் பழகியவள். மடையைத் திறந்தால் தண்ணீர் எப்படி ஓடுமோ பந்தும் அப்படித்தான் ஓடும் என்பாள். பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும்.

இன்னொரு பழக்கமும் அவளுக்கு இருந்தது. பந்து விழுந்த இடத்துக்கு எனக்கு முன்னால் போவாள். குந்துவாள். பந்தைச் சுற்றியிருக்கும் கோரை, அருகு, நெருஞ்சி எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் எழுவாள். எட்டு வயதிலிருந்து களை எடுத்த கை. கோரையைப் பார்த்தால் அந்தக் கை சும்மா இருக்காது. துடைத்த இலையில் சோறு வைப்பதுபோல எனக்குப் பந்தை ஒழுங்குபண்ணி வைப்பாள். எனக்கு அது எவ்வளவு பிடித்திருந்தது தெரியுமா? ஒரு மகாராஜாவைப்போல நின்றுகொண்டிருப்பேன்.

ஆட்டத்தின் விதிகளை எல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். மற்றவர் அடிக்கும்போது பேசக் கூடாது, அசையக் கூடாது, பந்து போகிற பாதையை மிதிக்கக் கூடாது, நிழல் விழக் கூடாது. எல்லாம் சொன்னேன். ஒன்றை விட்டுவிட்டேன்.

அந்த வருஷத் தேர்வு தெற்கேயே ஓர் ஊரில் நடந்தது. புடவைக்கு மேல், பை தூக்குகிறவர்களுக்குக் கொடுக்கும் வெள்ளை அங்கியும், காலில் கள்ளக்குறிச்சியில் வாங்கிய கேன்வாஸ் ஷூவுமாக அவள் பையோடு நடந்ததை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் ஒரு பந்து மணலில் விழுந்தது. மட்டையை வீச ஓங்கிவிட்டேன். அவள் மெதுவாக, "போடு. நான் எடுத்தார மாட்டேன்" என்றாள். ஓங்கிய கையை அப்படியே தலை சொறிவதற்குக் கொண்டுபோனேன். மூன்று நாளும் அப்படித்தான் போயிற்று. கோபம் வருவதற்கு முன்னால் ஒரு பொரி உருண்டையைக் கையில் வைத்துவிடுவாள். வாயில் பொரி உருண்டையை வைத்துக்கொண்டு எவனால் கத்த முடியும்?

நாலாம் நாள், பதினைந்தாம் குழி. அட்டை வாங்கும் வரிசைக்குள் நான் இருந்தேன். இன்னும் இரண்டு அடி கூடினாலும் வரிசையை விட்டு விழ மாட்டேன். நான் அடித்த பந்து வலப்பக்கம் நீளப் புல்லுக்குள் போய்விட்டது. கூட ஆடிய இருவரும் அந்தக் கோடியில், இடப்பக்கம். நான் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் அவள் வேகமாக நடந்து பந்தைக் கண்டுபிடித்துவிட்டாள். பையை இறக்கினாள். குந்தினாள்.

ஓட ஆரம்பித்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் எழுந்து, கையிலிருந்த கோரையை உதறி மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"கெழங்கோட வந்துடுச்சி மாமா" என்றாள், பெருமையாக.

முளைத்து நிற்கும் எதையும் பந்துக்குப் பக்கத்திலிருந்து பிடுங்கக் கூடாது, வளைக்கக் கூடாது, ஒடிக்கக் கூடாது. பை தூக்குகிறவர் செய்தாலும் ஆடுகிறவர் செய்ததுதான். இரண்டு அடி அபராதம். சொல்லாமல் விட்ட விதி அதுதான். சுற்றிலும் பார்த்தேன். ஒருவரும் எங்கள் பக்கம் பார்க்கவில்லை. பேசாமல் அடித்துவிட்டுப் போகலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. வரவில்லை என்று சொன்னால் அது பொய். முப்பத்தேழு வயது, ஐந்தாவது தடவை, கடைசித் தடவை.

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள். மூஞ்சி ஏன் இப்படிப் போயிற்று, தான் என்ன செய்துவிட்டோம் என்று கேட்டாள். ஒன்றுமில்லை, மட்டையைக் கொடு என்றேன். கொடுக்கவில்லை. சொன்னால்தான் ஆச்சு என்று நின்றாள். சொன்னேன். அவள் கோரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு அந்தக் கோரையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, தூரத்தில் சின்ன வண்டியில் போய்க்கொண்டிருந்த நடுவரைக் கூவி அழைத்தாள். எட்டப் போகும் எந்தப் பஸ்ஸும் நின்றுவிடும், அப்படிப்பட்ட குரல் அவளுக்கு.

நடுவர் தமிழ் தெரிந்தவர், ஓய்வுபெற்ற வயது, விறைப்பான மனிதர். நடந்ததை நான் சொன்னேன். அவர் தலையசைத்து, அபராதத்தைச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"ஐயா, எடுத்த எடத்துலயே திரும்ப நட்டுடறேங்க. கோரைங்க. நட்டா பொழச்சிக்கும்."

அவர் சட்டென்று திரும்பி நின்று மரங்களைப் பார்த்தார். தோள் இரண்டும் குலுங்கின. முகத்தைச் சரிசெய்துகொண்டு திரும்பி, பிழைக்கும்தான் அம்மா, ஆனால் விதி விதிதான் என்றார். அப்படியானால் அந்த இரண்டையும் என் பேரில் போடுங்கள், அவர் பேரில் வேண்டாம் என்றாள். அதற்கும் விதியில் இடமில்லை என்று அவர் மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

இப்போது நான் வெடித்திருக்க வேண்டும். நாலு வருஷமாக ஒன்றுமில்லாததற்கெல்லாம் வெடித்தவன். வாயைத் திறந்தேன். ஆனால் கண்முன்னே ஏரி வந்து நின்றது. மூன்று மாதம் அவள் குந்திக் குந்திக் களை பிடுங்கியதும், மகாராஜாவாக நான் நின்று பார்த்ததும். யார்மேல் கோபப்படுவது? வாயிலிருந்து வந்தது சிரிப்புதான். கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அந்தக் கோடியிலிருந்த இருவரும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பார்த்தார்கள். அவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "சிரிக்காத மாமா, வவுறு எரியுது" என்று சொல்லிவிட்டுக் கோரையை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் பேசவே இல்லை. கையிரண்டையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டு நடந்தாள். மட்டை கேட்டால் மட்டும் ஒரு கை வெளியே வரும், கொடுத்துவிட்டு உள்ளே போய்விடும். பதினேழாம் குழிக்குப் பக்கத்திலிருந்த பலகையில் நிலவரம் தெரிந்தது. கடைசிக் குழியை நாலு அடியில் முடித்தால் நான் உள்ளே. ஐந்தானால் ஊர்.

மூன்றாவது அடியில் பந்து குழிக்குப் பக்கம் வந்துவிட்டது. இரண்டு ஆள் படுக்கிற தூரம். உருட்ட வேண்டியதுதான் பாக்கி. வலப்பக்கம் சரிவதுபோல எனக்குத் தெரிந்தது. நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி எந்தப் பக்கம் போவும் புள்ள?"

இனி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், கெடுத்தது போதும் என்பதுபோலத் தலையை ஆட்டினாள். நான் அவள் பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"இத்தினி நாளு நீ புடுங்கினதுக்கெல்லாம் நான்தான் சும்மா நின்னேன். தப்பு என்னுது. கையக் கட்டிக்க, வாயக் கட்டிக்காத. எனக்கு உன்னை வுட்டா யார் இருக்காங்க?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தரையைப் பார்த்தாள். முதலில் அருகிலிருந்து, பிறகு நாலடி தள்ளிப்போய், மடையைப் பார்க்கிற மாதிரி. திரும்பி வந்து மெல்லச் சொன்னாள்.

"வலப்பக்கம் மாதிரி கண்ணுக்குத் தெரியும். ஏமாந்துடாத. எடப்பக்கம்தான் போவும், அங்க பள்ளத்துல குட்டை இருக்குது பாரு. குழிக்கு ஒரு சாண் வலப்பக்கமா, அதோ, அது மேல வுடு."

அது எது என்று பார்த்தேன். காலையில் புல் வெட்டியும் மத்தியானத்துக்குள் தலைநீட்டியிருந்த ஒரு கோரை. நகத்தளவு குருத்து. அவள் இரண்டு கையும் அக்குளுக்குள் இன்னும் ஆழமாகப் போயின. என் கையும் துறுதுறுத்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். புல் வெட்டும் வண்டி ஓட்டியவன் நானும்.

கோரையைப் பார்த்து உருட்டினேன். பந்து அதை நோக்கி நேராகப் போயிற்று. தொடுவதற்கு ஒரு விரல்கடை இருக்கும்போது, மடை திறந்ததுபோல இடப்பக்கம் திரும்பியது. குழியின் விளிம்பில் ஒரு மூச்சு நின்று, உள்ளே விழுந்தது.

நான் எத்தனையோ ஆட்டங்களில் ஜெயித்தவர்கள் குதித்ததைப் பார்த்திருக்கிறேன். நான் குதிக்கவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவள் வந்து என் தலையில் கைவைத்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "இப்ப அத புடுங்கலாமா?" என்று கேட்டாள். பின்னால் இன்னும் ஆட்கள் வருகிறார்கள், தயவுசெய்து வேண்டாம் என்று அவளைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன்.

அட்டை கிடைத்தது. அதன் பிறகு பதினோரு வருஷம் நாடு முழுக்க ஆடினேன். முதல் இடம் ஒருபோதும் வரவில்லை. இரண்டாம் இடம் ஒருமுறை வந்தது. பேப்பரில் என் படத்தைப் போட்டு வேறொருவர் பெயரை எழுதிவிட்டார்கள். அதை வெட்டி வீட்டில் மாட்டியிருக்கிறோம். பதினோரு வருஷமும் பையை அவள்தான் தூக்கினாள். கள்ளக்குறிச்சி மாவட்டமாக மாறிய வருஷம் நாங்கள் இருவரும் ஓய்வெடுத்துக்கொண்டோம்.

அட்டை வாங்கி ஊர் திரும்பிய அன்று அவள் செய்த முதல் காரியம், முந்தானை முடிச்சை அவிழ்த்து, வாடிச் சுருண்டிருந்த அந்தக் கோரையை எடுத்ததுதான். ஒரு பழைய எண்ணெய் டப்பாவில் மண் போட்டு நட்டாள். ஊரெல்லாம் கோரையைப் பிடுங்கிப் போட ஆள் தேடுகிறது, இவள் டப்பாவில் வைத்துத் தண்ணீர் ஊற்றுகிறாள் என்று தெருவே சிரித்தது. நானும் கிண்டல் செய்தேன். அவள் காதில் வாங்கவில்லை. டப்பாவில் வேறு களை முளைத்தால் அதைப் பிடுங்கிவிடுவாள்.

அடுத்த வருஷம் முதல் போட்டிக்குப் போனோம். முதல் குழியில் அதே நடுவர், அதே விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். ஆட்டக்காரர்களின் பெயரைப் படித்து, விதிகளை நினைவுபடுத்திவிட்டுக் கேட்பதற்கு ஏதாவது இருக்கிறதா என்றார். அவள் பையை இறக்கிவைத்து, அங்கியைச் சரிசெய்துகொண்டு, அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, அது பொழச்சிக்கிச்சுங்க."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டார். அந்தப் போட்டி அன்றைக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தொடங்கியது.